சர் எவரார்டின் இடது காது

எங்கள் ஸ்கெல்தார்ப் தேவாலயத்தில் கழிப்பறை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹெஸ்டர் கில்பியைப் பற்றிப் பேச வந்தால், வேறு எங்கே தொடங்கினாலும் சுற்றிச் சுற்றிப் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும்.

கழிப்பறை இல்லாத தேவாலயம் என்ன பாடு படுத்தும் என்று வயதானவர்களுக்குத்தான் தெரியும். ஞாயிறு ஆராதனைக்கு வருகிற நாங்கள் எல்லோருமே வயதானவர்கள். என் கணவர் லென், பிரசங்கம் பாதியில் இருக்கும்போதே எழுந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி கல்லறைத் தோட்டத்தைக் குறுக்கே கடந்து எங்கள் வீட்டுக்கு ஓடுவார். மழையானால் குடையோடு ஓடுவார். போதகர் பிலிப்பாவுக்கு ஏழு ஊர், ஏழு தேவாலயம். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் மதியம்வரை ஒரு வாய்த் தேநீர் குடிக்க மாட்டார். "குடிச்சா எங்க போறது, பெரில்?" என்பார். நான் இங்கே சர்ச் வார்டன், கட்டடத்தைக் கவனிக்கிற பொறுப்பு. கூரை ஒழுகினாலும், கொதிகலன் நின்றாலும், வௌவால் செத்து விழுந்தாலும் என் தலைதான் உருளும். இந்த வேலை எனக்கு அலுத்துப்போய் வெகுகாலம் ஆகிறது. விட்டுவிடலாம் என்றால் எடுத்துக்கொள்ள ஆளில்லை.

ஹெஸ்டர் எங்கள் ஊர்க்காரர் அல்ல. கிரிம்ஸ்பி மீன் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த ஒருவரின் மகள். லண்டனில் கலை வரலாறு படித்து முனைவர் பட்டம் வாங்கியவர். எங்கள் தேவாலயத்துக்குள் இருக்கும் சர் எவரார்ட் டான்சி என்கிற பழங்காலச் சீமானின் கல்லறையைப் பார்க்க ஒரு கோடையில் வந்தார். பின்சந்தில் ஒரு வீடு வாடகைக்குக் காலியாக இருந்தது. தங்கிவிட்டார். அப்போது என் மகன் கைக்குழந்தை. தரைவிரிப்பு போடுகிற ஆட்கள் முழங்காலில் கட்டிக்கொள்கிற ரப்பர் பட்டைகளைக் கட்டிக்கொண்டு, டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தபடி ஒரு பெண் நாள் முழுக்கத் தேவாலயத் தரையில் தவழ்வதை ஊரே வந்து எட்டிப் பார்த்தது.

"அந்தம்மாவுக்கு என்ன தொலைஞ்சுபோச்சாம்?" என்று லென் கேட்டார்.

"கல்லைப் படிக்கிறாங்களாம்."

"படிச்சு?"

 படித்து என்ன ஆகும் என்று ஹெஸ்டருக்கே தெரிந்திருந்ததா, சந்தேகம்தான். இங்கிலாந்தின் கிராமத்துத் தேவாலயங்களில் இருக்கிற கல்லறைச் சிற்பங்களைப் பற்றித்தான் அவர் வாழ்நாள் முழுக்க எழுதினார். மண்டியிட்டு அழுகிற கல் பிள்ளைகள், இறக்கை உடைந்த தேவதூதர்கள், பல்வலிக்காரன் போல முகத்தைச் சுளித்திருக்கும் குழந்தைத் தலைகள். எந்தச் சிற்பி செய்தான், எந்தப் பட்டறையில் செய்தான், எவன் பிறகு கைவைத்துக் கெடுத்தான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுரை. நினைவுச்சின்ன ஆராய்ச்சிக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது, அது ஒரு இதழ் நடத்துகிறது. அதில் வெளிவரும். பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலை கடைசிவரை கிடைக்கவில்லை. ஊர் ஊராகப் போய் மாலை வகுப்பு எடுத்துப் பிழைத்தார். குளிர்காலத்தில் அந்த ஓட்டைக் காரில் எட்டு மணிக்கு வீடு திரும்பும்போது, வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பார். என் சமையலறை ஜன்னலிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இனி அந்தக் கல்லறை. வடக்குச் சுவரை ஒட்டி இடுப்பு உயரத்துக்கு ஒரு வெள்ளைக்கல் மேடை. மேலே சர் எவரார்டும் அவர் மனைவி அர்சுலாவும், முதலாம் எலிசபெத் காலத்திலிருந்து, கைகூப்பி மல்லாந்து படுத்திருக்கிறார்கள். அந்தம்மா நம் பக்கம், அவர் சுவர்ப் பக்கம். அவருக்கு மூக்கு நுனி போய்விட்டது. காலடியில் இருக்கிற நாய்க்குத் தலை இல்லை. தலைமுறை தலைமுறையாக ஊர்ப் பிள்ளைகள் ஏறி விளையாடியதன் பலன், என் மகன் உட்பட. சுவருக்கும் கல்லுக்கும் நடுவே ஒல்லியான ஒரு கை நுழைகிற அளவுக்குத்தான் சந்து.

ஹெஸ்டருக்கு அப்போது ஒல்லியான கை. தோள்வரை உள்ளே விட்டுத் தடவினார். சர் எவரார்டின் இடப்பக்கம் முழுக்கக் கரடுமுரடு. காது இருக்க வேண்டிய இடத்தில் காது இல்லை, வெறும் கொத்திய கல். அர்சுலாவின் காதோரச் சுருள்முடியைக்கூட ஒவ்வொன்றாகச் செதுக்கிய சிற்பி இப்படி ஒரு வேலையை விட்டுப் போவானா?

எங்கள் நாட்டு அறிஞர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தேவாலயத்தில் எது கெட்டிருந்தாலும் பழியைத் தூக்கி விக்டோரியா ராணி காலத்து ஆட்கள்மேல் போட்டுவிடுவார்கள். புதுப்பிக்கிறேன் என்று வந்து எல்லாவற்றையும் இடம் மாற்றியவர்கள் அவர்கள்தான், அதனால் பழி பெரும்பாலும் பொருந்தியும் விடும். ஹெஸ்டரும் அதையே செய்தார். கல்லறை முதலில் நடுவில் நின்றது, சுற்றிலும் ஆள் நடந்துவரலாம். விக்டோரியா காலத்தில் அதைச் சுவரோரம் தள்ளினார்கள். தள்ளியபோது சுவரோடு பொருந்துவதற்காகச் சிலையின் இடப்பக்கத்தைக் கொத்தி எடுத்துவிட்டார்கள். இதுதான் கட்டுரை.

அந்த ஒரு கட்டுரைதான் ஓடியது. மற்றதெல்லாம் கிணற்றில் போட்ட கல். சுவர்ப் பக்கம் கொத்தியிருந்தால் அந்தக் கல்லறை இடம் மாறியது என்பது ஒரு விதியாகவே ஆகிவிட்டது. நாடெங்கும் ஆராய்ச்சிக்காரர்கள் சந்துகளில் கையை விட்டுத் தடவினார்கள். லண்டனில் பேராசிரியர் ட்ரஸ்காட் என்று ஒருவர், அந்த விதியின் மேலேயே தடித்த புத்தகம் ஒன்று எழுதிப் பெயர் வாங்கினார். முன்னுரையில் ஹெஸ்டருக்கு நன்றி சொல்லியிருந்தார். ஹெஸ்டர் அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினார். காட்டிவிட்டு உடனே வெட்கப்பட்டு மூடிக்கொண்டார்.

கழிப்பறைக்கு வருகிறேன். தோண்டினால் எலும்பு வராத இடம், குழாய்க்குச் சரிவு கிடைக்கிற இடம் என்று பார்த்தால் எங்கள் தேவாலயத்தில் ஒரே மூலைதான். வடக்கு மூலை. அங்கே சர் எவரார்ட் படுத்திருக்கிறார். அவரைக் கோபுரத்தடிக்கு நகர்த்திவிட்டு, அந்த மூலையில் ஒரு கழிப்பறையும் தேநீர் போட ஒரு மேடையும் கட்டத் திட்டம் போட்டோம். இந்தப் பகுதித் தேவாலயங்களை ஆள்கிற பேராயத்தின் அனுமதி வேண்டும். பழமையைக் காக்கிறவர்கள் உடனே கொடி பிடித்துவிட்டார்கள், கல்லறையை அசைக்கக் கூடாது என்று.

அப்போதுதான் நான் ஹெஸ்டரின் கட்டுரையைச் சமையலறை மேஜையில் வைத்து, அடிக்குறிப்பு உட்பட முழுக்கப் படித்தேன். ஏற்கெனவே ஒருமுறை தள்ளிவைத்த கல்லறையை இன்னொரு முறை தள்ளினால் என்ன குடி முழுகிவிடும்? மனுவோடு கட்டுரையை இணைத்து அனுப்பினோம். பேராய நீதிபதி நேரில் வந்து தேவாலயத்திலேயே விசாரிப்பதாகப் பதில் வந்தது. ஹெஸ்டர் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார்.

"என் கட்டுரையால ஒரு டாய்லெட் வருதுன்னா நல்லதுதான், பெரில்," என்றார். "லண்டன்ல யாருக்கும் அதால ஒரு பிரயோஜனமும் இல்ல."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தார்.

விசாரணைக்கு முந்தின வாரம் டேரில் வந்தான். சாக்கடை பார்க்கிறவன். குழாய்க்குள் விடுகிற குட்டிக் கேமரா வைத்திருக்கிறான், பாம்பு போல நீளக் கம்பி, முனையில் விளக்கு, இந்தப் பக்கம் ஒரு சின்னத் திரை. சுவரில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்கக் கல்லறைக்குப் பின்னால் கேமராவை விட வேண்டும் என்றான். சொன்னதும் ஹெஸ்டர் ஓடி வந்தார். கையால் மட்டுமே தெரிந்த இடத்தை முதல் தடவையாகக் கண்ணால் பார்க்கப் போகிறார் அல்லவா! வயது எழுபதைத் தாண்டியும் அந்த முழங்கால் பட்டைகளைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க கண்ணு," என்றான் டேரில். எங்கள் லிங்கன்ஷயர் பக்கம் எல்லோருமே கண்ணுதான், பேராயர் வந்தாலும் கண்ணுதான். "உங்க நிழல் விழுது."

திரையில் முதலில் ஒட்டடை. பிறகு செத்த ஈக்கள், யாரோ எப்போதோ செருகிய மிட்டாய்த் தாள். பிறகு கல்.

"நிறுத்துங்க," என்றார் ஹெஸ்டர்.

"ஈரம் கீழ இருக்கு கண்ணு."

"நிறுத்துங்கன்னு சொன்னேன்ல!"

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. டேரில் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றான். திரையில் உளித் தடங்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. அவற்றின் மேலே சிவப்பு. சர் எவரார்டின் தலைமயிருக்கு அடித்த பழைய சாயம் மேலிருந்து வழிந்து, கரடுமுரடான கல்லின் மேல் துளித்துளியாக இறங்கிக் காய்ந்திருந்தது. ஹெஸ்டர் கேமராவைக் கொஞ்சம் திருப்பச் சொன்னார். எதிரே இருந்த பழைய சுவர்ப்பூச்சிலும் அதே சிவப்பு ஒரு தீற்றாக ஒட்டியிருந்தது.

டேரிலுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தக் கட்டுரையைப் படித்திருந்ததால் எனக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம். விக்டோரியா காலத்தில் கொத்தியிருந்தால் அதற்கு முந்நூறு வருஷம் முந்தைய சாயமும் கல்லோடு போயிருக்கும். சாயம் கொத்தின தடத்தின் மேல் இருக்கிறது. சிற்பி அந்தப் பக்கத்தைச் செதுக்கவே இல்லை. சுவரோரம் வைக்கப்போகிற சிலை, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டான். கல்லறையை இங்கே வைத்த பிறகு சாயக்காரன் வந்து அடித்திருக்கிறான், சுவரிலும் தீற்றியிருக்கிறான். யாரும் எதையும் தள்ளவில்லை. அது முதல் நாளிலிருந்தே இதே இடத்தில்தான் இருக்கிறது.

டேரில் கம்பியைச் சுருட்டிக்கொண்டு போனான். ஹெஸ்டர் முன்வரிசை இருக்கையில் உட்கார்ந்தார். முழங்கால் பட்டைகளைக் கழற்றவில்லை.

"டேரிலுக்கு ஈரம் மட்டும்தான் தெரியும்," என்றேன் நான்.

"ம்."

"நான் எதையும் பாக்கல."

அவர் என்னைப் பார்த்தார். "பாத்தீங்க, பெரில்."

"சரி, பாத்தேன். அதுக்கென்ன இப்போ? நானூறு வருஷம் யாருக்கும் தெரியாம இருந்துச்சு, இன்னும் நானூறு வருஷம் இருந்தா அந்த ஆளுக்குக் காது வலிக்குமா? லென் மழையில ஓடுறத நீங்களும்தான பாக்கறீங்க? பிலிப்பா பச்சைத்தண்ணி பல்லுல படாம ஏழு ஊர் சுத்துறாங்க. யாருக்காக இந்த உண்மை?"

"அந்த விதி மேல ட்ரஸ்காட்டோட புத்தகமே நிக்குது," என்றார் அவர், நான் சொன்னது காதில் விழாதது போல. "இன்னும் எத்தனை பேர். எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு கட்டுரைதான், பெரில். மத்தத யாரும் திறந்துகூடப் பாத்ததில்ல."

"அதத்தான நானும் சொல்றேன்! பேசாம இருந்தா உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

"களைப்பா இருக்கு," என்றார். "ரொம்பக் களைப்பா இருக்கு."

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போனேன்.

விசாரணை நாளன்று தேவாலயம் நிரம்பியிருந்தது. கிறிஸ்துமஸுக்குக்கூட அவ்வளவு கூட்டம் வராது. நீதிபதி பொய்முடி அணிந்து, மடக்கு மேஜைக்குப் பின்னால், காலடியில் மின்கணப்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹெஸ்டர் எழுந்து நின்றார். கட்டுரையை எழுதியது நீங்கள்தானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். அதில் சொன்னதை இப்போதும் உறுதி செய்கிறீர்களா?

அவர் வடக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிச் சர் எவரார்டை ஒருமுறை பார்த்தார். கணப்பு உறுமிக்கொண்டிருந்தது. நான் என் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லீங்க," என்றார். "அந்தக் கட்டுரை தப்பு. நான் தப்பா எழுதிட்டேன்."

பிறகு சிவப்புச் சாயத்தைப் பற்றி, வகுப்பு எடுக்கிற அதே குரலில், ஒவ்வொன்றாக விளக்கினார். நீதிபதி இரண்டு தடவை குறுக்கிட்டு, இதனால் உங்கள் தரப்புக்கே பாதகம் என்று தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றார். இடம் மாறாத கல்லறையை நகர்த்த எந்தப் பேராயமும் அனுமதி தராது. அன்று மதியமே எல்லாம் முடிந்துவிட்டது. லென் முடிவைக்கூடக் கேட்கவில்லை, பாதியிலேயே எழுந்து ஓடிவிட்டார்.

எங்கள் ஊரில் யாரும் யாரையும் வாய்க்கு வந்தபடி திட்ட மாட்டார்கள். அது கொஞ்சம் இருந்தால்கூட நல்லது. அறுவடை விருந்தில் ஹெஸ்டர் ஒரு கோடியில் உட்கார்ந்தார், அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகவே இருந்தன. எல்லோரும் அவரைப் பார்த்து இன்முகம் காட்டினார்கள். "குளிர் ஆரம்பிச்சிடுச்சுல்ல?" என்றார்கள். பிளம் ரொட்டித் தட்டைக்கூட நீட்டினார்கள். அவ்வளவுதான். நான் அதுகூடச் செய்யவில்லை. எனக்கு அவர்மேல் பொல்லாத கோபம், அதை மறைக்க எனக்கு வராது. குளிர்காலம் முழுக்கப் பின்சந்துப் பக்கமே போகவில்லை.

ஜனவரிக் குளிரில் ஒரு நாள் கதவிடுக்கு வழியாக ஒரு மெல்லிய தாள் வந்து விழுந்தது. அந்த இதழிலிருந்து எடுத்த பிரதி. இரண்டே பக்கம். ஸ்கெல்தார்ப் கல்லறையைப் பற்றிய என் முந்தைய கட்டுரை பிழையானது, அதன்மேல் கட்டிய விதியும் நிற்காது, தயவுசெய்து யாரும் இனி அதை மேற்கோள் காட்ட வேண்டாம் என்று, ஒரு சாக்குப்போக்கும் இல்லாமல் எழுதியிருந்தார். நான் அதை நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன்.

போதகர் பிலிப்பாதான் சொன்னார், ஹெஸ்டருக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று. சூப் எடுத்துக்கொண்டு போனேன். கோபம் போய்விட்டது என்று இல்லை. ஆனால் சூப் வேறு, கோபம் வேறு. படுக்கையில் எலும்பும் தோலுமாக இருந்தார். கட்டிலுக்கடியில் பழைய இதழ்கள் கட்டுக்கட்டாக இருந்தன.

"படிச்சீங்களா?" என்றார்.

"படிச்சேன்."

"எப்படி இருக்கு?"

"சின்னதா இருக்கு. உங்க கட்டுரைகள்லயே நல்ல கட்டுரை இதுதான்."

சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. நிற்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"யாரும் எழுதல, பெரில். ட்ரஸ்காட்டுக்குத் தனியா ஒரு பிரதி அனுப்பினேன். ஒரு வரி பதில் இல்ல. திட்டியாவது எழுதியிருக்கலாம்ல? வாய் கிழிய வாதம் பண்ணுவாங்க, எனக்குச் சண்டை போடத் தெம்பு இருக்குமான்னெல்லாம் கவலைப்பட்டேன். யாரும் இதழைப் பிரிச்சுக்கூடப் பாக்கல போல."

"நான் பிரிச்சேன்ல."

"ஆமா," என்றார். "நீங்க ஒருத்தர்தான். உங்களுக்குத்தான் நான் டாய்லெட்டக் கெடுத்தேன்."

 சூப் ஆறுது, குடிங்க என்று அதட்டினேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

வசந்தத்துக்கு முன்னாலேயே போய்விட்டார். அடக்க ஆராதனைக்கு நாங்கள் கொஞ்சம் பேர்தான். லென் கடைசிப் பாட்டுவரை தாக்குப்பிடித்தார். அது அவர் செய்த மரியாதை.

கோடையில் அந்தச் சங்கத்திடமிருந்து தகவல் வந்தது. மறைந்த டாக்டர் கில்பிக்கு அஞ்சலியாக உறுப்பினர்கள் பேருந்தில் ஸ்கெல்தார்ப் வருகிறார்கள், தேநீருக்கு ஏற்பாடு செய்ய முடியுமா? முடியும் என்றேன். போதகர் அங்கி மாற்றும் உடுப்பறையிலிருந்து நீள மின்கம்பி இழுத்துக் கெட்டிலைப் போட்டேன். மதியம் வந்து இறங்கினார்கள், எல்லோரும் எங்கள் வயதுக்காரர்கள், கையில் டார்ச், காலில் நல்ல செருப்பு. நடுவில் உயரமாக, வெள்ளைத் தாடியோடு பேராசிரியர் ட்ரஸ்காட். அவர் கல்லறை அருகே நின்று பேசத் தொடங்கினார். நான் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே கேட்டேன்.

நல்ல பேச்சுக்காரர், மறுக்கவில்லை. ஹெஸ்டரை உயர்வாகவே பேசினார். எவ்வளவு எளிமை, எவ்வளவு உழைப்பு என்றெல்லாம் சொன்னார். பிறகு சிலையின் மேல் கையை வைத்தார். "விக்டோரியா காலத்துல இந்தக் கல்லறைய நடுவுலேர்ந்து இங்க தள்ளினாங்க. தள்ளும்போது இந்தப் பக்கத்தைக் கொத்தி எறிஞ்சாங்க. கையால தடவியே அதைக் கண்டுபிடிச்சவங்க ஹெஸ்டர் கில்பி. அவங்க பேர் நிலைக்கப்போறது இந்த ஒரு கண்டுபிடிப்பாலதான்."

எல்லோரும் மெதுவாகத் தலையாட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஊரே நிறைந்திருந்த சபையில் ஹெஸ்டர் தன் வாயால் திரும்பப் பெற்றுக்கொண்டதையே எடுத்து அவருக்கு மாலையாகப் போடுகிறார்கள்!

"அது தப்புங்க," என்றேன், கெட்டிலைக் கையில் பிடித்தபடி. "அவங்களே தப்புன்னு சொல்லிட்டாங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ட்ரஸ்காட் அன்பாகப் புன்னகைத்தார். "அப்படியா? ரொம்ப சுவாரஸ்யமா இருக்கே," என்றார். எங்கள் ஆட்கள் அப்படிச் சொன்னால் வாயை மூடு என்று அர்த்தம். பிறகு தாமஸ் என்கிற சிற்பியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். நான் தேநீர் ஊற்றினேன். ஆளுக்கு இரண்டு கோப்பை, கேட்டவர்களுக்கு மூன்றாவது. பிளம் ரொட்டியைத் தாராளமாக அறுத்து வைத்தேன். நீண்ட பேருந்துப் பயணம், அதன்மேல் தேநீர். எனக்கு அவசரமே இல்லை.

முதலில் ஒரு நீலத் தொப்பி அம்மா என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், "இங்க டாய்லெட் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"இல்லையா?"

"இல்ல. இல்லாததுக்குக் காரணம் ஹெஸ்டர் கில்பி. என் வீட்டுக்கு வாங்க, அந்தா தெரியுது பாருங்க, கல்லறைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம். எல்லாரும் வாங்க."

வந்தார்கள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு கழிப்பறை, மாடியில். மாடிப்படி முழுக்க, கூடத்தில், சமையலறை வாசல்வரை வரிசை நின்றது. வயதானவர்கள், அவரவருக்கு நேரம் பிடிக்கிறது. வரிசையை விட்டு யாரும் நகர முடியாது. நான் படிக்கட்டின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு தொடங்கினேன். கேமராவை, சிவப்புச் சாயத்தை, சுவரில் இருந்த தீற்றை, மடக்கு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நீதிபதியை, அறுவடை விருந்தில் காலியாக இருந்த இரண்டு நாற்காலிகளை, ஒன்றுவிடாமல் சொன்னேன். லென் சமையலறையிலிருந்து நான் விட்டதை எடுத்துக் கொடுத்தார். கடைசியில் அந்த இரண்டு பக்கத்தைக் கொண்டுவந்து உரக்கப் படித்தேன். சின்னக் கட்டுரை என்பதால் வரிசை நகர்வதற்குள் படித்து முடிக்க முடிந்தது. முடித்துத் தாளை மடித்தேன். கழிப்பறைச் சங்கிலியை யாரோ இழுக்கிற சத்தம் மேலே கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

ட்ரஸ்காட் வரிசையின் கடைசியில் வாசற்படியருகே நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எனக்கு அனுப்பினாங்களா?" என்றார்.

"தனியா ஒரு பிரதி. நீங்க ஒரு வரி எழுதுவீங்கன்னு படுக்கையில காத்துக்கிட்டிருந்தாங்க."

அவர் வரிசையை விட்டு வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கல்லறைத் தோட்டத்தைக் கடந்து தேவாலயத்துக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. பேருந்து ஓட்டுநர் இரண்டு தடவை ஒலி எழுப்பினார்.

திரும்பி வந்தபோது அவருடைய வலது சட்டைக்கை தோள்வரை ஒட்டடையும் சுண்ணாம்புமாக இருந்தது. மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. அவர் கை ஒல்லியல்ல.

"காது இல்ல," என்றார்.

"அந்தப் பக்கம் எப்பவுமே இருந்ததில்ல," என்றேன். "மேல போங்க, இப்ப காலியாத்தான் இருக்கு."

அவர் மாடிப்படியில் இரண்டு படி ஏறினார். நின்றார். திரும்பி, அந்த இரண்டு பக்கத்தைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.